வழிவிடும் விளக்கு: ஆம்புலன்ஸும் பேருந்தும் சாலைச் சந்திப்பைக் கடக்கும் விதம்

அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சைரன் ஒலித்துக்கொண்டுதானே வந்தது? பிறகு ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று?"

ஒரு பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையிலிருந்து முதியவர் ஒருவரை அழைத்து வந்தனர். வலக்கையும் வலக்காலும் செயலிழந்து, பேச்சுக் குழறியிருந்தது. பக்கவாதம் என்பது பார்த்த அளவிலேயே தெரிந்தது. உடன் வந்த மகன், "ஐயா, வண்டி புறப்பட்டுவிட்டது என்று உடனே சொன்னார்கள். ஆனால் எங்கள் தெருமுனைக்கு வந்து சேரவே அத்தனை நேரம் ஆயிற்று. அப்பாவுக்கு இனிப் பேச்சு வருமா?" என்று கேட்டார். அவருடைய இரண்டாவது கேள்விக்கு அன்றிரவு எங்களால் ஓரளவே விடை கூற முடிந்தது. முதற்கேள்விக்கோ விடை கூற நேரமே இல்லை. அந்த விடையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நிமிடங்களின் கணக்கு

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று மருத்துவ ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நான்கரை மணியும் நமக்குரியது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் மணியில் செலுத்தினால் கிடைக்கும் பயன் நான்காம் மணியில் கிடைப்பதில்லை. இதயம் அடியோடு நின்றுவிட்டாலோ கணக்கு இன்னும் கடுமையானது. மார்பை அழுத்தி முதலுதவி செய்வார் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்துகொண்டே போகிறது.

இந்த நிமிடங்களில் சிக்னல் எவ்வளவை விழுங்குகிறது? ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் விளக்குகள் ஒரு சுற்று வர 120 வினாடிகள் ஆவதாகக் கொள்வோம். உங்கள் சாலைக்குப் பச்சை 30 வினாடி, மீதி 90 வினாடி சிவப்பு. முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் வந்து சேரும் ஒரு வண்டி சராசரியாக 34 வினாடிகள் காத்திருக்க நேரும். இத்தகைய ஐந்து சந்திப்புகள் வழியில் இருந்தால் ஏறக்குறைய மூன்று நிமிடங்கள். ஐந்திலும் சிவப்பு அப்போதுதான் விழுந்திருந்தால் ஏழரை நிமிடங்கள். முன்னால் நிற்கும் வண்டிகள் நகர்ந்து வழிவிட ஆகும் நேரம் இதில் சேரவில்லை.

சிவப்பைக் கடந்து செல்லச் சட்டம் ஆம்புலன்ஸுக்கு இடமளிக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளின்படி, அவசரப் பணியில் உள்ள ஊர்தி, தக்க எச்சரிக்கையுடன், சிவப்பு விளக்கைக் கடந்து செல்லலாம். ஆனால் சந்திப்பில் பச்சை பெற்று விரைந்து வரும் லாரிக்குச் சைரன் கேட்டதா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. கதவடைத்த காருக்குள் குளிர்சாதனமும் பாட்டும் ஓடும்போது சைரன் மிக அருகில் வந்த பிறகே காதில் விழும். ஆகவே பொறுப்புள்ள ஓட்டுநர் சந்திப்பில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் உறவினர், "ஏன் மெதுவாகப் போகிறீர்கள்?" என்று அவரை விரட்டுவது நோயாளிக்கு நன்மை செய்வதாகாது.

விளக்கு எவ்வாறு அறிந்துகொள்கிறது?

ஆம்புலன்ஸ் வருவதை விளக்கே முன்னதாக அறிந்து, அதற்குப் பச்சையும் ஏனையோருக்குச் சிவப்பும் காட்டினால் ஓட்டுநரும் தயங்க வேண்டியதில்லை, லாரிக்காரரும் ஏமாற மாட்டார். இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த செயின்ட் பால் நகரில் 1960களின் இறுதியிலேயே இதைச் செய்யத் தொடங்கிவிட்டனர். வண்டியின் கூரையில் வினாடிக்குப் பதினான்கு முறை மின்னும் விளக்கு ஒன்றைப் பொருத்துவார்கள். சிக்னல் கம்பத்தில் உள்ள உணர்கருவி அந்த மின்னலின் வேகத்தை எண்ணி, வருவது அவசர ஊர்தி என்று அறிந்துகொள்ளும். பேருந்துக்கு வினாடிக்குப் பத்து முறை மின்னும் விளக்கு. பதினான்குக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே யாருக்கு எவ்வளவு இடம் என்பதைக் கருவி முடிவு செய்தது. இன்று பெரும்பாலும் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் கைப்பேசி வலையமைப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. ஊர்தி எங்கே வருகிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறை அறிந்து, அடுத்த சந்திப்புக்குச் செய்தி அனுப்புகிறது.

செய்தி எவ்வளவு முன்னதாகச் செல்ல வேண்டும் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் வினாடிக்கு 11 மீட்டர் கடக்கும். குறுக்குச் சாலைக்கு மஞ்சள் காட்ட மூன்று வினாடி, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியேற எல்லாப் பக்கமும் சிவப்பாக இரண்டு வினாடி, பிறகு ஆம்புலன்ஸின் முன்னால் வரிசையாக நிற்கும் பத்து வண்டிகள் நகர வண்டிக்கு இரண்டு வினாடி வீதம் இருபது வினாடி. ஆக 25 வினாடி. அதாவது ஏறத்தாழ 275 மீட்டருக்கு அப்பாலேயே விளக்கு விழித்துக்கொண்டாக வேண்டும். சந்திப்புக்கு அருகில் வந்த பின் பச்சை காட்டுவதால் பயனில்லை. முன்னால் நிற்கும் வரிசை அப்போதுதான் அசையத் தொடங்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சுற்று நடுவில் முறிக்கப்பட்டால் மற்றச் சாலைகளில் வண்டிகள் தேங்கி, பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும். சாலையைக் கடந்துகொண்டிருப்பவர் நிலையையும் பார்க்க வேண்டும். நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் செல்வார் என்று பொறியாளர்கள் கணக்கிடுவது வழக்கம். 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவர்கள் கணக்கில் 10 வினாடி. மூட்டுவலியுடன் கோலூன்றி நடக்கும் ஒருவருக்கு வினாடிக்கு 0.8 மீட்டர்தான் இயலும் என்றால் 15 வினாடி ஆகும். நடப்போர் விளக்கு திடீரென மாறும்போது அந்த ஐந்து வினாடி நடுச்சாலையில் கழியும். எலும்பியல் பிரிவுக்கு வந்து செல்லும் நம் நோயாளிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சைரன் கேட்டால், பச்சை மனிதன் எரிந்தாலும் சாலையில் இறங்க வேண்டா. பாதி கடந்துவிட்டீர்களானால் பின்வாங்காமல், கையை உயர்த்தியபடி நேரே கடந்துவிடுங்கள். பின்வாங்குபவர் எந்தப் பக்கம் போவார் என்பதை ஓட்டுநரால் ஊகிக்க இயலாது.

பேருந்துக்கு ஏன் முன்னுரிமை?

"ஆம்புலன்ஸுக்குச் சரி, பேருந்துக்கு எதற்கு?" என்று சிலர் வியப்பர். எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் எத்தனை பேர் ஆம்புலன்ஸில் வருகிறார்கள், எத்தனை பேர் பேருந்தில் வருகிறார்கள் என்று ஒருநாள் காலை வாயிலில் நின்று பார்த்தால் அந்த வியப்பு நீங்கும். வாரம் இருமுறையோ மும்முறையோ இரத்தச் சுத்திகரிப்புக்கு வருபவர், மாதந்தோறும் சர்க்கரை மருந்து வாங்க வருபவர், கருவுற்ற பெண்கள் ஆகியோரின் ஊர்தி பேருந்தே. சுத்திகரிப்பு இயந்திரம் ஒருவருக்குப் பிறகு ஒருவர் என முறைவைத்து இயங்குவது. காலை முறைக்கு வருபவர் முக்கால் மணி தாமதித்தால் பிற்பகல் முறைக்காரரும் காத்திருக்கிறார். மாலையில் அவர் தம் கடைசிப் பேருந்தைத் தவறவிடுகிறார்.

பேருந்துக்கு அளிக்கப்படும் முன்னுரிமை வேறு வகையானது. சுற்றை முறிப்பதில்லை. பேருந்து நெருங்கும்போது பச்சை முடியப் போகிறது என்றால் ஐந்து முதல் பத்து வினாடி நீட்டிப்பார்கள். சிவப்பு எரிகிறது என்றால் சில வினாடி முன்னதாகவே பச்சை தருவார்கள். காலத்தோடு ஓடும் பேருந்துக்கு இதுவும் தேவையில்லை, தாமதமான பேருந்துக்கு மட்டும் போதும் என்று நிரல் எழுதும் நகரங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம் டிராமுக்கும் பேருந்துக்கும் சிக்னலில் முதலிடம் தந்து பெயர் பெற்றது. சென்னையிலும், ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், போக்குவரத்தின் அளவுக்கேற்பத் தாமே மாறும் சிக்னல்களை அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது.

ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது. நீட்டித்த பச்சை முழுவதும் பயணிகள் ஏறி இறங்குவதில் கழிந்துவிடும். எனவே நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி மாற்றுவதே முறை. "நிறுத்தத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள், நடக்க முடியவில்லை" என்ற குறை முதியோரிடமிருந்து எழும். அக்குறை நியாயமானதே. நிழற்குடையும் தடுக்காத நடைபாதையும் இல்லாமல் நிறுத்தத்தை மட்டும் நகர்த்துவது பாதி வேலை என்பதே எம் கருத்து.

2008, சென்னை

கருவி ஏதுமின்றி ஒரு நகரம் முழுவதும் வழிவிட்ட நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதின்வயது மாணவர் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். மருத்துவர்களான அவருடைய பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடையாக அளிக்க முடிவு செய்தனர். தேனாம்பேட்டையில் எடுக்கப்பட்ட இதயம், முகப்பேரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை வந்தடைய வேண்டும். உடலுக்கு வெளியே இதயத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரமே வைத்திருக்க இயலும். எடுக்கவும் பொருத்தவும் ஆகும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். வழிநெடுகச் சந்திப்புகளில் காவலர் நின்று மற்றப் பக்கங்களை நிறுத்தினர். காவல்துறை ஊர்தியே இதயத்தைச் சுமந்து சென்றது. நெரிசல் மிகுந்த அந்த வழியை 11 நிமிடங்களில் கடந்தனர்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியதும் அதே செப்டம்பரில்தான். அந்த ஒரு மாதம் தமிழக மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கொடை தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டதும் அந்நிகழ்ச்சிக்குப் பிறகே.

ஆனால் அது ஒரு நாளுக்குரிய ஏற்பாடு. நூற்றுக்கணக்கான ஆம்புலன்ஸ்கள் நாள்தோறும் ஓடும் மாநிலத்தில் ஒவ்வொன்றுக்கும் சந்திப்புதோறும் காவலரை நிறுத்த இயலாது. கருவி வேண்டுவது அதனால்தான். கருவி மட்டும் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. தடப்பிரிவு பார்த்து ஓட்டாத சாலையில், இரு மருங்கும் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தால், பச்சை எரிந்தாலும் முன்னால் நிற்பவருக்கு ஒதுங்க இடமிராது. அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு கூறுகிறது. ஒதுங்க மனமில்லாதவருக்கு அச்சட்டம் பொருந்தும். ஒதுங்க இடமில்லாதவரை அது என்ன செய்யும்?

கிரிவலப் பாதையில்

இனி அடி அண்ணாமலைக்கு வருவோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ நேர் எதிரே, மலையின் மேற்குப் புறத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. நகரத்திலிருந்து தெற்குப் புறமாகச் சென்றாலும் வடக்குப் புறமாகச் சென்றாலும் பாதிச் சுற்று. சாதாரண நாளில் இது பெரிய தொலைவன்று. பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் பாதை முழுவதும் மனிதர்களே. பேருந்துகள் நகருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். சைரனைக் கேட்டு விலக வேண்டியவர் மூட்டையோடும் குழந்தையோடும், பெரும்பாலும் வெறுங்காலோடும் நடப்பவர்கள். இங்கே சிக்னல் முன்னுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்றிரவு அம்முதியவரை ஏற்றச் சென்ற வண்டி செங்கம் சாலை வழியாக, அதாவது கூட்டம் நடக்கும் திசையிலேயே சென்றது. அப்படிச் சென்றால் அனைவரின் முதுகுப்புறமும்தான் ஓட்டுநருக்குத் தெரியும். சைரன் கேட்டவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் வலப்புறமும் பாதிப்பேர் இடப்புறமும் ஒதுங்குவர். குடும்பமாக வந்தவர்கள் இரு பக்கமாகப் பிரிந்துவிட்டால், ஒருவர் கையை ஒருவர் பிடிக்க மீண்டும் நடுவே ஓடுவர். எதிர்த்திசையில் வரும் வண்டியைக் கூட்டம் முன்னதாகவே பார்த்துவிடுகிறது. ஆனால் எதிரே வருவதற்கு இடம் வேண்டும்.

அந்த இடத்தை நம் முன்னோர் வழக்கம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறது என்பது வியப்புக்குரியது. மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம்வரும் வழி, மனிதர் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது கிரிவலத்தின் பழைய நெறி. இன்று கூட்டத்தில் இதைக் கடைப்பிடிப்போர் குறைவு. கடைப்பிடித்தால் மலைப்பக்கம் ஒரு வண்டி செல்லும் அகலம் எப்போதும் திறந்திருக்கும். சித்தர் வழியில் நோயாளியை ஏற்றிய வண்டி செல்வதைச் சித்தர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம். கிரிவலம் செல்லும் நம் வாசகர்கள் தாமும் இடப்பக்கம் நடந்து, உடன் வருவோருக்கும் இதைக் கூறலாம்.

அழைப்பவர் செய்யக்கூடியவை

வழியில் இழக்கும் நிமிடங்களுள் சிலவற்றை வீட்டிலேயே மீட்கலாம். அந்த முதியவரின் குடும்பத்தார் 108ஐ அழைப்பதற்கு முன்பு, சர்க்கரை குறைந்திருக்கும் என்று கருதிச் சர்க்கரை நீர் புகட்டிப் பார்த்திருக்கின்றனர். பிறகு அண்டை வீட்டாரிடம் கார் கேட்டிருக்கின்றனர். அதிலேயே இருபது நிமிடத்துக்கு மேல் கழிந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அச்சத்தில் எவரும் செய்வதே அது. ஆயினும் வாய் கோணி, கை தொய்ந்து, பேச்சுக் குழறினால் வாய்வழி எதையும் கொடுக்க வேண்டா. விழுங்கும் திறனும் பாதிக்கப்பட்டிருந்தால் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடும். முதலில் அழையுங்கள், மற்றவை பிறகு.

அழைக்கும்போது, ஊர்ப்பெயரோடு எல்லாரும் அறிந்த ஓர் அடையாளத்தையும் கூறுங்கள். அடி அண்ணாமலையார் கோயிலிலிருந்து எந்தத் திசை, எத்தனையாவது தெரு என்று சொன்னால் போதும். பௌர்ணமி நாளாயின் அதையும் சொல்லி, எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்பதைத் தெரிவியுங்கள். உள்ளூரில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் நோயாளியுடன் இருக்க, மற்றவர் கைப்பேசி விளக்கை எரியவிட்டுத் தெருமுனையில் நிற்கட்டும். குறுகிய தெருவில் நிற்கும் இருசக்கர வண்டிகளை அதற்குள் ஓரம் தள்ளிவிடலாம்.

நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரம் எது என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்குரிய ஊசி போடலாமா என்பதை அந்த ஒரு வரிதான் பெரிதும் முடிவு செய்கிறது. அம்முதியவரின் மருமகள் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும்போது மாமனார் காபி கேட்டதை நினைவுகூர்ந்து சொன்னார். அதைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டோம். தலைப்பகுதி ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தபின் நான்கரை மணிக்குள் மருந்து செலுத்த முடிந்தது. இப்போது அவர் பேசுகிறார். சொற்கள் சற்றுத் தாமதமாக வருகின்றன. வலக்கையால் தம்ளரைப் பிடிக்கிறார், சட்டைப் பொத்தான் போடப் பயிற்சி நடக்கிறது. இருபது நிமிடம் முன்னதாக வந்திருந்தால் பொத்தானும் போட்டிருப்பாரா என்பதை யாராலும் உறுதியாகக் கூற இயலாது.

வண்டி புறப்பட்ட பின் ஒருவர் மட்டும் உள்ளே ஏறினால் போதும். ஏனையோர் இருசக்கர வண்டியில் ஆம்புலன்ஸை ஒட்டிப் பின்தொடர வேண்டா. அது விலக்கிய வழியில் நீங்கள் நுழையும்போது, வண்டி போய்விட்டது என்று கருதி மக்கள் மீண்டும் சாலைக்கு வருவார்கள். காரில் வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு சிக்னலை மீறுவதும் இத்தகையதே. உங்களுக்குச் சைரன் இல்லை, குறுக்கே வருபவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால், காவல் நிலையத்துக்கு அலைய நேருமோ என்று அஞ்சி நிற்க வேண்டியதில்லை. உதவி செய்தவரைப் பெயர் கூறவோ சாட்சியாக வரவோ கட்டாயப்படுத்தலாகாது என்பதற்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், வரையறுத்த தொகைக்குள் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முறை பௌர்ணமி நாளில் வருமாயின், ஒரு வாரத்துக்கு முன்பே பிரிவுச் செவிலியரிடம் கூறி, முந்தைய நாளுக்கோ அன்று அதிகாலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பை அடியோடு தவறவிட்டு இரண்டு நாள் கழித்து வருவது ஆபத்தானது. உப்பும் நீரும் பொட்டாசியமும் உடலில் தேங்கிவிடும். இவ்வாண்டின் பௌர்ணமி நாட்களைக் குறித்த அட்டை வரவேற்பறையில் வைக்கப்பட்டுள்ளது. கேட்டுப் பெற்று, மருந்துச் சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.